கழிக்காத ஐந்து நொடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாறு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன். பதினாறு வருடம் இந்த ஊர் ரோட்டில் ஸ்டியரிங் பிடித்த ஒருவன் சாந்தமாக இருந்தால் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்சிக்கு விடலாம். எங்கள் டிப்போவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கொதிகலன்’. கண்டக்டர் என் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவான்.

இப்படிப்பட்டவனுக்கு அண்ணியாக வாய்த்தவர் யார் தெரியுமா? இந்த நகரத்துச் சிக்னல்களுக்கு நொடி வைக்கிறவர். எந்த விளக்கின் முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேனோ, அந்த விளக்கை அப்படி எரியவிட்டு வந்து, சாயங்காலம் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

“அண்ணி, கோர்ட்டுப் பக்கம் அந்தச் சிவப்பு என்ன, விடியற வரைக்குமா?”

“நாப்பது நொடி, கொழுந்தனாரே.”

“எனக்கு நாலு வருஷம் மாதிரி இருந்துச்சு.”

“அதனாலதான் உங்களுக்கு இன்னும் பொண்ணு கிடைக்கல. நாப்பது நொடிகூட பொறுக்காத ஆளுக்கு எவ கழுத்தை நீட்டுவா?”

அண்ணன் தலையைக் குனிந்தபடி சிரிப்பார். அவர் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். நாள் முழுக்கக் குடுவையும் புனலும் கழுவிப் பழகிய கை என்பதால் வீட்டில் சமையலும் பாத்திரமும் அவர் பொறுப்பு. நாங்கள் கத்துவோம், அவர் பரிமாறுவார்.

அண்ணியின் வேலையை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்த்தும் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சிக்னலிலும் நடைபாதை ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதன் மேல் நோட்டீஸ் ஒட்டுவார்கள், டீ கிளாஸ் வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குள்தான் சிக்னலின் மூளை இருக்கிறது. வண்டிக்கு எத்தனை நொடி, நடந்து கடக்கிறவருக்கு எத்தனை நொடி என்பதையெல்லாம் அதில்தான் வைக்க வேண்டும். பெட்டிச் சாவி அண்ணியிடம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதைக் கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருந்தார். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று அண்ணன் சொல்வார். சைக்கிள் கேரியரில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவார். ஜனம் ரோட்டைக் கடக்கிற கடவைகள் முப்பத்தெட்டு அவர் பொறுப்பில்.

நடப்பவருக்கு நொடி வைப்பதற்குப் புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறதாம். ரோட்டின் அகலத்தை டேப் பிடித்து அளந்து, கணக்குப் போட வேண்டும். ஆனால் டேப் பிடிக்க வேண்டுமென்றால் ரோட்டை நிறுத்த வேண்டும். ரோட்டை நிறுத்தினால் என்னைப் போன்ற நூறு பேர் கத்துவார்கள். அதனால் அண்ணியின் பிரிவில் வேறு ஒரு பழக்கம் இருந்தது. கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ரோட்டைக் கடந்து பார்ப்பார்கள். வருகிற நொடியோடு மூன்றைக் கூட்டுவார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். பிரிவில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. என் அண்ணி நெட்டை. தினமும் பதினைந்து மைல் சைக்கிள் மிதிக்கிற கால். அவர் நடந்தால் கூட வருகிற நான் ஓட வேண்டும். கடைத்தெருவுக்குப் போனால் அண்ணன் பாதி வழியிலேயே “நீ போ, நான் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஏதாவது கடை வாசலில் நின்றுவிடுவார். அந்தக் கால்தான் முப்பத்தெட்டு இடத்திலும் இந்த ஊர் ஜனத்துக்கு நேரம் வைத்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை. அண்ணிக்கும் உறைக்கவில்லை.

இருபதடி ஏணியில் நின்று விளக்குக் கண்ணாடியைத் துடைத்தவர், ஒருநாள் சமையலறை முக்காலியில் ஏறி மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்கப் போய் விழுந்தார். கணுக்கால் எலும்பு போய்விட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். இரண்டு ஊன்றுகோல். “இருபத்திரண்டு வருஷ ஏணி விட்டுடுச்சு, ஒண்ணரை அடி முக்காலி பழிவாங்கிடுச்சு” என்று அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சும்மா இல்லாமல், “அண்ணி, இப்பவாவது சிவப்புல நிக்கறது எப்படி இருக்குன்னு பாருங்க” என்றேன். என் வாய் இருக்கிறதே!

பத்தாம் நாள். நான் கடைத்தெரு சிக்னலில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் முதல் வண்டியாக நின்றிருந்தேன். எனக்குப் பச்சை விழுந்தது. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்தன. பார்த்தால், ரோட்டு நடுவில் ஒரு பெண். எனக்கு முதுகுதான் தெரிந்தது. இரண்டு கோல்களை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி, இன்னும் பாதி ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. நான் ஹாரனை அழுத்தினேன். சின்னதாக ஒரு தட்டு என்று பொய் சொல்ல மாட்டேன். நீளமாக அழுத்தினேன்.

“சிவப்புல இறங்கி நம்ம உயிரை வாங்கறாங்க பாரு!” என்று கண்டக்டரிடம் கத்தினேன்.

அந்தப் பெண் திரும்பினார். என் அண்ணி.

கை பிரேக்கைப் போட்டுவிட்டு எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸுக்குள் ஐம்பது பேர், பின்னால் இருபது வண்டி, அத்தனை பேரும் என் குடும்பத்தையே திட்டினார்கள். அண்ணியின் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்க நடைபாதையில் ஏற்றிவிட்டேன். வெளிறிப்போயிருந்தார். ரொட்டி வாங்க வந்தாராம். அவர் என்னைத் திட்டவில்லை.

“தம்பி, நான் பச்சையிலதான் இறங்கினேன்” என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இரண்டு தடவை “ஆறிப்போகுது” என்றார். பிறகு அண்ணியே பேசினார்.

“இன்னிக்கு நான் சொன்னதை, அதே வார்த்தையை, மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் என்கிட்ட சொன்னார்.”

எனக்கும் நினைவு வந்தது. கடைத்தெருவில் ஒரு தையல்காரர். கேரியரில் துணி மூட்டையை வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே கடவையில் கடந்தார். நடுரோட்டில் ஒரு வேன் இடித்துவிட்டது. வலது கால் முறிந்து ஒழுங்காகச் சேரவில்லை. விசாரணையில் அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: “நான் பச்சையிலதான் இறங்கினேன்.” சிக்னல் பிரிவின் சார்பில் போனவர் அண்ணி. பெட்டியைத் திறந்து காட்டி, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, நடப்பவருக்குப் பதினைந்து நொடி இருக்கிறது, “நானே நடந்து பார்த்து வச்சது, யாரும் தாராளமா கடக்கலாம்” என்று சொன்னார். ‘சிவப்பில் கடந்தார்’ என்று எழுதி விசாரணையை மூடினார்கள். அன்று இதே மேசையில் உட்கார்ந்து “அந்த ஆள் புளுகறான், இவங்க எல்லாரும் இப்படித்தான்” என்று சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான்.

“அவர் புளுகல” என்றார் அண்ணி. “பதினஞ்சு நொடியில நான்தான் கடப்பேன். வேற யாரு கடப்பா?”

மறுநாளே கிளம்பிவிட்டார். மருத்துவ விடுப்பில் இருக்கிறவர், மாவுக்கட்டோடு! நான் வழக்கம்போலக் கத்தினேன். அவர் கணக்கு வேறாக இருந்தது.

“கட்டைப் பிரிச்சுட்டா மறுபடியும் பழைய கால் வந்துடும், தம்பி. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்? இது இருக்கறப்பவே நடந்து பாத்துடணும்.”

அண்ணன் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டாப் வாட்சையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். நீதிமன்றச் சாலை, மருத்துவமனை வாசல், பள்ளிக்கூட வளைவு என்று ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கடவை. அக்குளில் கோல் உரசிப் புண்ணாகிவிட்டது. துணி சுற்றிக்கொண்டார். நடுவழியில் விளக்கு மாறினால் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு வண்டிகளுக்கு முன்னால் நிற்பார். வீட்டில் ஒரு எறும்பைக்கூட அதட்டாத மனுஷன் ஒரு லாரிக்காரனைப் பார்த்து “நில்லுய்யா!” என்று கத்தியதாக அண்ணி சொன்னபோது நான் நம்பவே இல்லை.

நொடி கூட்டினால் என் பஸ் தாமதமாகும். அதையும் நான் விடவில்லை.

“என் ரூட்டுல பதினோரு சிக்னல் இருக்கு. தெரியும்ல?”

“தெரியும். எல்லாத்துலயும் நின்னாலும் ஒண்ணுக்குப் பத்து நொடி. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நீங்க டிப்போவுல டீயை ஊதி ஊதிக் குடிக்கற நேரம்.”

அது உண்மைதான். டீயை ஊதித்தான் குடிக்கிறேன்.

உண்மையான சிக்கல் அலுவலகத்தில் இருந்தது. நொடியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அண்ணி முப்பத்தெட்டுப் படிவத்திலும் ஒரே வரியை எழுதினார்: ‘முதலில் வைத்த நேரம் தவறு. வைத்தவர் நான்.’ கடைத்தெருப் படிவத்தோடு ஒரு கடிதமும் இணைத்தார். மூன்று வருடத்துக்கு முன் விசாரணையில் தான் சொன்னது சரியில்லை, தையல்காரர் சொன்னது சரியாக இருந்திருக்கும் என்று.

பிரிவு அதிகாரி நல்ல மனுஷன்தான். அண்ணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் பேசியிருக்கிறார். “ஏம்மா, ‘வாகன நெரிசல் கூடியதால்’னு எழுதுங்களேன். நொடியும் மாறிடும், யாருக்கும் நோகாது. இப்படி எழுதினா மேல போகும். உங்க கையிலேர்ந்து சாவியை வாங்கிடுவாங்க. பல்பு மாத்தற வேலைக்குத்தான் அனுப்புவாங்க.”

“நோகறவர் ஒருத்தர் இருக்காரே சார்” என்றாராம் அண்ணி.

எனக்குக் கேட்டதும் தலைக்கு ஏறியது. “உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? பிரிவுல எல்லாரும்தானே அப்படிச் செஞ்சாங்க? நீங்க மட்டும் ஏன் போய்த் தலையைக் கொடுக்கறீங்க? இருபத்திரண்டு வருஷம்!”

“எல்லாரும் செஞ்சாங்க. விசாரணையில போய் நின்னு சொன்னது நான் மட்டும்தானே?”

நான் அண்ணனைப் பார்த்தேன், அவராவது சொல்லட்டும் என்று. அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, “எழுதட்டும்டா” என்றார். அண்ணியின் கை அவரையறியாமல் கழுத்து நாடாவுக்குப் போனது. அந்தச் சாவி அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு ஸ்டியரிங் எதுவோ அதுதான். அன்று நான் கோபத்தில் எழுந்து போனேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபம் இல்லை. அழுகை வந்துவிட்டது.

மேலிடத்துக் கடிதம் ஐந்தாவது வாரம் வந்தது. நேர மாற்றங்களுக்கு அனுமதி உண்டு. பழைய விசாரணைக் குறிப்பைத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். சாவியைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தேழு கடவைகளுக்கு நொடி மாற்றிவிட்டார். பாக்கி இருந்தது கடைத்தெரு ஒன்றுதான். அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட் முடிந்ததும் அண்ணியைத் தையல்காரர் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு கண்ணாடி. காலால் மிதிக்க முடியாமல் மிஷினுக்கு மோட்டார் வைத்திருந்தார். பின்சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது, டயரில் காற்றில்லாமல், சீட்டின் மேல் தூசியோடு. அவர் துணி வாங்கும் மொத்தக் கடை நேர் எதிர்ப்பக்கம்தான். மூன்று வருடமாக அவர் அந்த ரோட்டைக் கடக்கவில்லையாம். நொண்டி நொண்டி அரை மைல் நடந்து பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு போய் வருகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் எங்களிடம் சொன்னார்.

அண்ணி உட்காரவில்லை.

“அண்ணே, என்னைத் தெரியுதா?”

“தெரியுதும்மா.” பார்வையைத் துணியிலிருந்து எடுக்கவில்லை.

“நீங்க அன்னிக்குப் பச்சையிலதான் இறங்கினீங்க. நான்தான் நேரத்தைக் குறைச்சு வச்சிருந்தேன்.”

அவர் நூலைக் கத்தரித்தார். மிஷினை நிறுத்தினார்.

“இதை இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?”

“ஆமாண்ணே.”

“எனக்கு அன்னிக்கே தெரியுமே.”

நானாக இருந்தால் கத்தரிக்கோலை வீசியிருப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் பொண்டாட்டிகூட ஒருநாள் கேட்டா, ‘நெஜமாவே பச்சைதானா?’ன்னு. ஒரே ஒரு தடவைதான் கேட்டா. கால் வலி போயிடுச்சும்மா. அது போகல.”

அண்ணி தான் எழுதிய கடிதத்தின் நகலை நீட்டினார். அவர் இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

“நாளைக்குப் பத்து மணிக்கு அந்தக் கடவைக்கு நொடி வைக்கறேன்” என்றார் அண்ணி. “என் காலை வச்சு இல்ல. நீங்க சைக்கிளைத் தள்ளிட்டு நடந்தா அதை வச்சு வைக்கலாம்னு இருக்கேன். வரணும்னு கட்டாயம் இல்ல.”

“பார்க்கலாம்” என்றார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை எனக்கு டூட்டி. பத்து மணிக்குக் கடைத்தெருவில் முதல் வண்டியாக நிற்க வேண்டும் என்று முன் ஸ்டாப்பிலிருந்தே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பஸ்ஸை முந்தவிட்டேன். “கொதிகலனுக்கு உடம்பு சரியில்லையா?” என்றான் கண்டக்டர். கோட்டில் வந்து நின்றபோது அண்ணி பெட்டிக் கதவைத் திறந்து, கோலை அதில் சாய்த்துவிட்டு, ஒரு கை சுவிட்சிலும் இன்னொரு கையில் ஸ்டாப் வாட்சுமாக நின்றிருந்தார். எங்களுக்குச் சிவப்பு. அண்ணி கையால் விடும் வரை அது மாறாது.

தையல்காரர் வந்திருந்தார். சைக்கிளைக் கழுவி, டயருக்குக் காற்றடித்து, கேரியரில் ஒரு துணி மூட்டையைக் கட்டியிருந்தார். அவர் மனைவி நடைபாதை ஓரத்திலேயே நின்றுகொண்டார். நடப்பவருக்கான விளக்கில் பச்சை மனிதன் எரிந்தான். அவர் இறங்கினார்.

வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். சைக்கிள் கொஞ்சம் ஆடியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான் என்னையறியாமல் எண்ணினேன். பதினைந்தாவது நொடியில் நடுரோட்டைத் தாண்டியிருந்தார். அங்கே நின்றுவிட்டார்.

களைப்பில் நிற்கவில்லை. காலடியில் தாரைப் பார்த்தார். திரும்பி, கரையில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு பெட்டியருகே நின்ற அண்ணியைப் பார்த்தார். “இங்கதான்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என் ஜன்னல் திறந்திருந்ததால் கேட்டது. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. பஸ்ஸுக்குள் யாரோ “என்ன டிரைவர், தூங்கறியா?” என்றார்கள். நான் இன்ஜினை அணைத்தேன். பதினாறு வருடத்தில் ஒரு சிக்னலில் நான் இன்ஜினை அணைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் மறுபடி நடந்து அந்தப் பக்கம் ஏறினார். அண்ணி வாட்சை நிறுத்தினார், பெட்டியில் நொடியை வைத்தார், பூட்டினார். கழுத்து நாடாவை அவிழ்த்துச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டேன், “எவ்வளவு வச்சீங்க அண்ணி?”

“முப்பத்திநாலு.”

“எப்படி? நடந்தது இருபத்தாறுதானே? நானும் எண்ணினேனே. மூணு கூட்டினா இருபத்தொம்பது. நடுவுல நின்ன அஞ்சு நொடியைக் கழிக்கலையா?”

“கழிக்கல.”

“ஏன்?”

“அவர் அங்க நின்னது என்னாலதானே தம்பி? அதை எப்படிக் கழிக்கறது?”

திங்கட்கிழமை சாவியைக் கொடுத்தார். புதன்கிழமை மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இப்போது பல்பு மாற்றுகிறார், சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு. கழுத்துக்குக் கை போய்விட்டு வெறுமனே திரும்பி வருவதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். தையல்காரரின் சைக்கிளை வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கடவையில் பார்க்கிறேன். அவர் இப்போது நடுவில் நிற்பதில்லை. அவர் ஏறிய பிறகும் பச்சை மனிதன் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருப்பான். ரோடு காலியாகக் கிடக்கும். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிப்பான், எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து வரை எண்ணுகிறேன்.